பதினோராவது ஆள்

மகாராணிக்கு எது நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. சிலமலையில் அவள் தெருவில் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் சரி, கட்டிக்கொடுத்த பெண் மூன்றாம் மாதமே பெட்டியோடு திரும்பி வந்தாலும் சரி, "ராணியக்கா, நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவள் நினைத்தது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது.

அவள் வேலை பார்க்கிற ஏலக்காய்த் தோட்டத்தில் ஒருமுறை பறித்து வைத்த பச்சைக்காய் களவு போனது. சூப்பர்வைசர் யோகராஜ் வேலைக்கு வந்த பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார். மகாராணி பையைக் கொட்டவில்லை. "எங்க பையில என்னத்தப் பாக்குறீக? எடை போடுறவரு செருப்பப் பாருங்க. ஓடைப்பக்கத்துச் சேறு ஒட்டியிருக்கு. எடை போடுற ஆளுக்கு ஓடையில என்ன சோலி?" என்றாள். போய்ப் பார்த்தால் ஓடைப் புதருக்குள் இரண்டு சாக்குக் காய் கிடந்தது. அன்றிலிருந்து யோகராஜே அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை.

அவளுடைய கூட்டத்தில் பத்துப் பெண்கள். எல்லாரும் சிலமலையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் முதல் பஸ்சில் போடிக்கு வந்து, அங்கிருந்து வெள்ளைத்துரையின் ஜீப்பில் மெட்டு மலைப்பாதை ஏறி, பூப்பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துக்குப் போவார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் எதிரெதிர்ப் பலகையில் நாலு நாலு பேர். பத்துப் பேருக்கு ஜீப்பு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் பதினோராவதாக ரோஜா வந்து சேர்ந்தாள்.

ரோஜாவுக்கு ராசிங்காபுரம். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், அங்கே வேலை குறைந்ததால் வாரத்தில் மூன்று நாள் தோட்டத்துக்கு வர யோகராஜிடம் சொல்லி வைத்திருந்தாள். நல்ல வேலைக்காரி. யாரிடமும் வம்பில்லை. ஒரு பெரிய பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து, பத்து மணிக்கு எல்லாருக்கும் ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றுவாள். மலைக்குளிருக்கு அது தேவாமிர்தமாக இருக்கும்.

ஆனால் அவள் புருஷன் ஒச்சப்பன் நாலு வருஷத்துக்கு முன்னால் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்தவன். தானாகக் குடித்தானா, எதிலாவது கலந்து கொடுத்தார்களா என்று அப்போது ராசிங்காபுரத்தில் ஒரு பேச்சு ஓடியது. போலீஸ் வந்தது, விசாரித்தது, போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. சிலமலை வரைக்கும் வந்து மகாராணியின் காதிலும் விழுந்திருந்தது. அவள் அதைக் கேட்டு மறந்துவிடுகிற ஆளில்லை. பத்திரமாக வைத்திருந்தாள்.

முதலில் விழுந்தது கற்பகமும் அமுதவள்ளியும். ரோஜா வந்த இரண்டாம் நாள். மத்தியானமே கற்பகம் தலை வலிக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. குளிர் அடிக்கிற இடத்தில் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. திரும்பி வரும்போது ஒரு கொண்டையூசி வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு பேரும் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஏழு வருஷமாக ஒத்துக்கொண்ட வளைவு இன்றைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளாமல் போனது என்று மகாராணி ஒருத்திதான் நினைத்தாள்.

அடுத்த வாரம் மூன்று பேர். அதே இருவரோடு கார்த்திகாவும். கார்த்திகாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து நடத்தித்தான் ஜீப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. போடியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"மருந்தடிச்ச தோட்டத்துல வேலை பாத்தீங்களா?"

"இல்ல சார். எங்க பக்கம் மருந்தடிச்சு ஒரு மாசமாச்சு" என்றாள் மகாராணி.

"எப்படியோ மருந்து உடம்புல ஏறியிருக்கு. எது வழியா ஏறுச்சுன்னு பாருங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மருந்து. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மகாராணி மனசுக்குள் எல்லாவற்றையும் கோத்துவிட்டாள். பெண்கள் விழுந்த இரண்டு நாளும் ரோஜா வந்த நாள். அவள் வராத நாளில் ஒருத்திக்கும் தும்மல்கூட இல்லை. அவள் வருவதற்கு முன்னால் ஏழு வருஷமாக இல்லை. அவள் கையால் ஊற்றிக் கொடுப்பதைத்தான் எல்லாரும் குடிக்கிறார்கள். அவள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் மருந்தில் போயிருக்கிறான்.

ரோஜா வந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகாத நாட்களும் இருந்தன. மகாராணிக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. வேண்டாதது ஞாபகத்துக்கு வருவதில்லை.

அதற்குப் பிறகு அவள் காய் எடுத்தது பாதி, ரோஜாவைப் பார்த்தது பாதி. ரோஜா பிளாஸ்க்கைத் திறக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதலில் யாருக்கு ஊற்றுகிறாள், கடைசியில் யாருக்கு, தனக்கு எடுத்துக்கொள்கிறாளா, எடுத்ததைக் குடிக்கிறாளா என்று கவனித்தாள். ஒருநாள், "என்னதான் போடுற இதுல, இம்புட்டு வாசமா இருக்கு?" என்று கேட்டு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சுக்கு, மல்லி, கருப்பட்டி. வேறு ஒன்றும் தெரியவில்லை. வாசம் தெரியாமல் இருக்கத்தான் சுக்கு போடுகிறாளோ என்று தோன்றியது.

இன்னொரு நாள் தனக்கு ஊற்றிய டம்ளரைக் கற்பகத்திடம் கொடுத்து, கற்பகத்தின் டம்ளரைத் தான் வாங்கிக் குடித்தாள். ரோஜா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று மகாராணி மூன்று நாள் யோசித்தாள். அன்றைக்கு மகாராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கற்பகத்துக்கும் ஆகவில்லை. நான் கண் வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு கையை அடக்கிவிட்டாள் என்று முடிவு செய்தாள். யாருக்காவது ஏதாவது ஆனாலும் குற்றம், ஆகாவிட்டாலும் குற்றம் என்கிற இடத்துக்கு ரோஜா வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்குத்தான் அது தெரியாது.

மூன்றாவது தடவை ஐப்பசி அடைமழையில் நடந்தது. மறுபடியும் அதே மூன்று பேர். அமுதவள்ளியை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில், போடி ஜீப்பு ஸ்டாண்டில், டீக்கடை வெளிச்சத்தில் நாலைந்து ஜீப்புக் கூட்டம் நின்றுகொண்டிருக்கும்போது ரோஜா வந்தாள். மகாராணி ஜீப்பின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ இதுல ஏறாத."

"ஏன் மதினி?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? நீ வந்த நாள்தான் எங்க பிள்ளைக விழுகுது. நீ வராட்டி விழுகல. உன் வீட்டுல ஒரு உசுரு மருந்துல போச்சு. இங்கயும் மருந்துதான்னு டாக்டர் சொல்றாரு. நாங்க உனக்கு என்ன பாவம் பண்ணுனோம்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். ரோஜா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மகாராணி எதிர்பார்த்திருந்தாள். அவள் அதையெல்லாம் செய்யவில்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, காப்பி முழுவதையும் அங்கேயே தரையில் ஊற்றினாள். பிறகு திரும்பி நடந்து போனாள்.

"பாத்தியா, பதில் இல்ல" என்றாள் கூட்டத்தில் மூத்தவளான சோலையம்மாள். "தப்புப் பண்ணாதவளா இருந்தா வாய தெறந்திருப்பால்ல?"

அதன் பிறகு ஐந்து வாரம் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணத்தை எடுத்ததும் காரியம் நின்றுபோயிற்று. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ராணியக்கா கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது என்று ஊர் மெச்சியது. ராசிங்காபுரத்தில் ரோஜாவின் தெருவில் யாரும் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்றும், காய் பொறுக்குகிற இடத்தில் பக்கத்தில் உட்காரவே மற்றவர்கள் யோசிக்கிறார்கள் என்றும் தகவல் வந்தது. மகாராணிக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. வரவேண்டியதுதான் வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

மகாராணியின் மகள் பவதாரணி தேனியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் பரீட்சை முடிந்து லீவில் வந்தவள், சும்மா இருக்கிறதற்குத் தோட்டத்துக்கு வருகிறேன் என்றாள். கார்த்திகாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். சரி, நாலு நாள் வந்து பார், காய் எடுக்கிற கஷ்டம் தெரியட்டும் என்று மகாராணி கூட்டிப்போனாள்.

முதல் நாளே தூறலாக இருந்தது. ஸ்டாண்டில் அவர்கள் ஏறும்போது, சற்றுத் தள்ளி வேறொரு ஜீப்புக்காக முக்காடு போட்டுக்கொண்டு ரோஜா நிற்பதை மகாராணி பார்த்தாள். ரோஜா இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பவதாரணி செடிகளுக்கு நடுவே குப்புற விழுந்தாள். வாயெல்லாம் நுரைத்த எச்சில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் பேச்சு வரவில்லை. கார்த்திகா அவளைத் தூக்கக் குனிந்தவள் தானும் அங்கேயே வாந்தி எடுத்தாள். வெள்ளைத்துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மகளை மடியில் போட்டுக்கொண்டு வந்த மகாராணியின் மனசில் ஒரே நினைப்புத்தான் ஓடியது. காலையில் அவள் நின்றாள். முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வராமல், கொடுக்காமல், தொடாமல் இதை எப்படிச் செய்தாள்?

ரோஜா செய்யவில்லையோ என்ற எண்ணம் அப்போதும் அவளுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் பவதாரணிக்குப் பேச்சு வந்துவிட்டது. நர்சம்மா வந்து, "இந்தத் துணியெல்லாம் மாத்தணும்மா. வெரசா வேற துணி கொண்டாங்க" என்றார். சுடிதாரைக் கழற்றும்போது நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, தொடைக்குப் பின்னாடி எல்லாம் இப்படிச் செவந்து கெடக்கு? எதுல போய் உக்காந்துச்சு பிள்ள?"

மகாராணி கழற்றிப் போட்ட சுடிதாரைக் கையில் எடுத்தாள். பின்பக்கம் ஈரம் முழுதாகக் காயவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். இத்தனை நாள் பிளாஸ்க்கில் தேடிய வாசம் அதில் இருந்தது.

"ஜீப்புல நீ எங்க உக்காந்த?"

"கீழதாம்மா. கார்த்திகா கூட. பலகையில எடமில்லைல்ல. சாக்கு போட்டிருந்துச்சு, அதுல உக்காந்தோம். ஈரமா இருக்குன்னு சொன்னேன், தூத்தலு உள்ள அடிச்சிருக்கும்னு அவ சொன்னா."

மகாராணி சுடிதாரைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மனசு யாரையும் கேட்காமல் தானாகவே கோக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை வேறு மாதிரி.

பத்துப் பேர் வந்தால் எல்லாருக்கும் பலகை உண்டு. பதினோராவது ஆள் வந்தால் ஒருத்தி கீழே உட்கார வேண்டும். கற்பகம், அமுதவள்ளி, கார்த்திகா மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது. ஒருத்தி ஏன் தனியாகக் கீழே கிடக்க வேண்டும் என்று மூன்றுமே இறங்கி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே வரும். பத்துப் பேர் வருகிற நாளில் சாக்கைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் வைத்துவிடுவார் வெள்ளைத்துரை. ரோஜா வந்தும் ஒன்றும் ஆகாத நாட்கள் இப்போது ஞாபகத்துக்கு வந்தன. முதல் நாள் சாக்கே இல்லை. மற்றதெல்லாம் வெயில் நாள். சாக்கு காய்ந்து கிடந்து, மருந்து துணியில் ஏறாத நாள்.

ஆக, அவள் கவனித்தது எல்லாமே சரி. பெண்கள் விழுந்த நாளெல்லாம் ரோஜா வந்த நாள். வராவிட்டால் விழவில்லை. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அத்தனையும் சரியாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாகிவிட்டது.

அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்காமல் விட முடியவில்லை. யோசிக்கக்கூடத் தேவையில்லாமல் அது கண்முன்னால் நின்றது. ரோஜா வந்த முதல் நாள் அந்த மூன்று பெண்களும் வெறும் இரும்புத் தகட்டில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, சாயங்காலம் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் வெயிலில் காய்ந்து கிடந்த நாலு சாக்கை எடுத்துவந்து ஜீப்பில் விரித்தவள் மகாராணிதான். யாரிடமும் கேட்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. மோந்திருந்தாலும் என்ன, மருந்து வாசம் அடிக்காத சாக்கு தோட்டத்தில் ஏது?

மறுநாள் காலையில் அவள் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய் வெள்ளைத்துரையைப் பிடித்தாள். சாக்கை எடுத்துக் கீழே போட்டு, குச்சியால் விரித்து, அதில் மருந்து ஊறியிருப்பதைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீதானக்கா கொண்டாந்து போட்ட? எனக்கென்ன தெரியும்?"

அங்கேயே நின்று யோகராஜுக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் இரைந்தது. "அந்தச் சாக்கா? மருந்துக் கேன் ஒண்ணு ஒடைஞ்சு அதுல ஊத்திருச்சு. குழி வெட்டிப் புதைக்கணும்னு வெளிய எடுத்து வச்சேன். மறுநாள் பாத்தா காணோம். வாச்சர் புதைச்சிட்டாருன்னு நெனச்சேன். நான் எடுத்துட்டுப் போகச் சொன்னேனா?"

"அபாயம்னு ஒரு பலகை வச்சிருக்கலாமுல்ல?" என்றார் வெள்ளைத்துரை.

"ஒரு ராத்திரிக்கு எதுக்குப் பலகை? ஒருத்தரு சாக்கத் தூக்கிட்டுப் போவாருன்னு நான் கனவா கண்டேன்?"

போனை வைத்ததும் வெள்ளைத்துரை மகாராணியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அவளுக்கு ஒரு வழி செய்து கொடுக்க நினைத்தார்.

"இதுல ஒண்ணு இருக்குக்கா. ரோஜா வந்ததுனாலதான பிள்ளைக கீழ உக்காந்துச்சு? அவ வராம இருந்தா யாரும் அந்தச் சாக்குல உக்காந்திருக்கப் போறதில்ல. அப்ப நீ சொன்னதும் தப்பில்லைல்ல? ஒரு வகையில அவளும் காரணந்தான?"

அந்த வழி நன்றாகத்தான் இருந்தது. மகாராணி ஒரு நிமிஷம் அதற்குள் நின்று பார்த்தாள். ரோஜா வராமல் இருந்தால் நடந்திருக்காது. கேன் உடையாமல் இருந்தால் நடந்திருக்காது. மழை பெய்யாமல் இருந்தால், அந்த மூன்று பெண்களுக்கும் ஒருத்திமேல் ஒருத்திக்கு அத்தனை பிரியம் இல்லாமல் இருந்தால், எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வராமல் இருந்தால்கூட நடந்திருக்காது. இதில் எதை உருவினாலும் மொத்தமும் சரிந்துவிடுகிறது. இத்தனையும் காரணமாக இருக்க, நான் விரலை நீட்டியது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அவளைச் சுட்டிக் காட்ட வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"மழையும் காரணந்தான் தம்பி" என்றாள். "மழைய நான் ஸ்டாண்டுல நிக்க வச்சுத் திட்டலயே."

பவதாரணி வீட்டுக்கு வந்த மறுநாள், மகாராணி ராசிங்காபுரம் போனாள். ரோஜா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. மகாராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு, கேன், மழை, தன் கை. ஒன்றையும் மறைக்கவில்லை. ரோஜா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"உன் மக எப்படி இருக்கு?"

"தேவலை."

"நல்லது. உன் மக விழுந்ததுனால இது வெளிய வந்துச்சு. விழாம இருந்திருந்தா?"

ரோஜா அடுத்த துணியை எடுத்து அலசினாள்.

"எல்லாம் சொன்ன. ஒண்ணு மட்டும் நீ கேக்கலயே மதினி. எங்க வீட்டுக்காரரு விஷயம். கேக்கணும்னு உனக்கு இருக்கும். கேட்டுட்டுப் போ."

"நான் அதுக்கு வரல."

"வரல. ஆனா இருக்கும்." ரோஜா துணியை வாளியில் போட்டாள். "அன்னைக்குக் காலைல நான் அவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு. கோவத்துல சொல்றதுதான். அதுக்கு முந்தி நூறு தடவை சொல்லியிருக்கேன். நூறு தடவையும் சிரிச்சுட்டுத் துண்ட ஒதறிப் போட்டுட்டுக் காட்டுக்குப் போனாரு. அன்னைக்கும் சிரிச்சுட்டுத்தான் போனாரு. அந்த வார்த்தைதான் காரணமா, இல்ல கெணறு வத்தினதா, இல்ல எனக்குத் தெரியாத வேற ஏதாச்சுமா? அந்த வார்த்தைதான்னா முந்தின நூறு தடவை ஏன் ஒண்ணும் ஆகல? நீ என்னைய ரெண்டு மாசந்தான் சந்தேகப்பட்ட. நான் என்னைய நாலு வருஷமா சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். நீதான் எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கிறவளாச்சே, இதுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லு."

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. இத்தனையும் சொல்கிறவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று மகாராணியின் மனசுக்குள் ஒன்று தலை தூக்கியது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில்கூட மூக்கு மோப்பம் பிடிக்கிறதை விடமாட்டேன் என்கிறது. தன் குணம் தன்னைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியல ரோஜா" என்றாள். தெரியவில்லை என்ற வார்த்தையை அவள் வாய் சொல்லிப் பழகியதில்லை. "நான் என்ன செய்யணும், சொல்லு."

"எந்த எடத்துல வச்சுச் சொன்னியோ அங்கனயே வச்சு இதச் சொல்லு. அதே நேரத்துல. நான் வந்து நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் மகாராணி சொன்னாள். ஸ்டாண்டில் ஏழு ஜீப்புக் கூட்டம் இருந்தது. குரங்கணிப் பக்கம் போகிறவர்களும் நின்றிருந்தார்கள். அவள் ஜீப்பின் பின்படியில் ஏறி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மருந்து ஊறின சாக்கைத் தான்தான் கொண்டுவந்து விரித்ததாகவும், பெண்கள் விழுந்தது அதனால்தான் என்றும், ரோஜாவின் காப்பியில் ஒரு குற்றமும் இல்லை, தான் சொன்னது அபாண்டம் என்றும் சொன்னாள். ஒன்றையும் விடாமல் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

கற்பகம் ஓடிப்போய் ரோஜாவின் கையைப் பிடித்தாள். "வாக்கா, நம்ம ஜீப்புல ஏறு" என்று இழுத்தாள். ரோஜா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி. நான் இப்ப வேற தோட்டத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மகாராணியை ஒருமுறை பார்த்து, தலையை லேசாக அசைத்துவிட்டுத் தன் ஜீப்பைப் பார்த்து நடந்தாள். அந்த ஜீப்பில் அவள் ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு ஒதுங்கினார்களா, பயத்தில் ஒதுங்கினார்களா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

அன்றைக்குப் பத்துப் பேர்தான். எல்லாரும் பலகையில் உட்கார்ந்தார்கள். மகாராணி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினாள். ஊரைத் தாண்டி, மலையடிவாரத்து முந்தலில் ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் ஜீப்பு முனகிக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து சோலையம்மாளின் குரல் கேட்டது. இன்ஜின் சத்தத்தில் முன்னால் இருக்கிறவளுக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"சாக்காம், கேனாம். நம்புற மாதிரியா இருக்கு? ரெண்டு நாளைக்கு முன்னாடி ராணி அவ வீட்டுக்குப் போயிருக்கா. போய்ட்டு வந்ததும் இப்படிப் பேசுறா. அங்க என்னத்தக் குடிக்கக் கொடுத்தாளோ."

"அப்படியா இருக்குங்கிற?" என்றது இன்னொரு குரல்.

"பின்ன? அவ வீட்டுக்குப் போகாம இருந்தா ராணி இப்படி மாறுவாளா?"

வெள்ளைத்துரைக்கும் கேட்டது. அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். மகாராணி திரும்பவில்லை. சோலையம்மாள் அடுக்குவது அத்தனையும் நடந்தவைதான். போனது உண்மை, வந்து பேசியது உண்மை, போகாமல் இருந்தால் பேசியிருக்க மாட்டாள் என்பதும் உண்மை. அதில் ஒன்றைக்கூட அவளால் இல்லையென்று சொல்ல முடியாது.

"வண்டிய நிப்பாட்டு தம்பி" என்றாள்.

"எதுக்குக்கா?"

"நான் பின்னாடி போய் உக்காந்துக்கிறேன். சோலையம்மா மதினி முன்னாடி வரட்டும். பின்னால இருந்து பேசுனா எனக்குப் பாதிதான் கேக்குது."

ஜீப்பு ஓரங்கட்டி நின்றது. சோலையம்மாள் இறங்க மாட்டேன் என்று பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகாராணி பின்னால் ஏறி, அவளுக்கும் கற்பகத்துக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு மதினி" என்றாள். "முதல்ல இருந்து சொல்லு. மெட்டு ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு."